பூதக்கண்ணாடியாரின் ஜன்னல்

விரிசல் ஜன்னலின் நடுக் கண்ணாடியில் இருந்தது. தரையிலிருந்து நாலடி உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக ஓடி, கடைசியில் லேசாக வளைந்திருந்தது. காலை வெயில் பட்டதும் வெள்ளிக் கம்பிபோல மின்னியது. கையில் காபியோடு அதையே பார்த்து நின்றவருக்குக் காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அது விரிசல்தானா என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்கள். இவருக்கு அந்தச் சிரமம் கிடையாது. பாட்டில் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக இவருக்கு ஒரே வேலை. வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரே வரிசையாக ஊர்ந்து போகும் பாட்டில்களில் விரிசல் விட்டவற்றைப் பொறுக்கித் தொட்டியில் போடவேண்டும். கழுத்தில், அடியில், விளிம்பில், எங்கே இருந்தாலும் இவர் கண்ணுக்குத் தப்பாது. அதனால் தொழிற்சாலையில் இவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் விழுந்துவிட்டது. மரியாதைக்காக நாம் பூதக்கண்ணாடியார் என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டில் மட்டும் இந்தப் பட்டம் செல்லுபடியாகவில்லை. "பாட்டில்ல இருக்கற கீறல் தெரியுது. அலமாரியில மூக்குக்கு நேரா தொங்கற சட்டை தெரியல" என்பது மனைவியின் கட்சி.

பூதக்கண்ணாடியார் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். உள்பக்கம் வழுவழுவென்று இருந்தது. "வெளிப்பக்க விரிசல்" என்று அப்போதே தீர்ப்பெழுதிவிட்டார். பாட்டில்களிலும் அப்படி உண்டு. தலையைச் சற்று நகர்த்தியபோது விரிசலும் கூடவே கொஞ்சம் நகர்ந்ததுபோலத் தோன்றியது. முதல் நாள் தூக்கம் சரியில்லை, அதுதான் காரணம் என்று விட்டுவிட்டார்.

கண்ணாடி போனதுகூடப் பெரிய விஷயமில்லை. அதன் கூடவே நாற்காலியும் போய்விடும் என்பதுதான் விஷயம்.

அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு ஆடுநாற்காலி கிடந்தது. வேலை முடிந்து வந்தால் பூதக்கண்ணாடியாருக்கு அதுதான் உலகம். சாயங்கால வெளிச்சம் தோளுக்கு மேலாக வந்து செய்தித்தாளில் விழும். நாலு வரி படிப்பார், நாற்பது நிமிடம் தூங்குவார். பதினோரு வருடமாக இது நடக்கிறது. பதினோரு வருடமாக மனைவியும் ஒரே வசனத்தைச் சொல்லிவருகிறாள்.

"அந்த நாற்காலியக் கண்ணாடிகிட்ட போடாதீங்க. ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் பின்னாடி சாயப்போகுது, கண்ணாடி ஒடையப்போகுது."

"ஒடையாது. எனக்குக் கண்ணாடியப் பத்தித் தெரியாதா?"

இரண்டு வருடத்துக்கு முன்பு இந்த வழக்கு மனைவியின் தம்பி முன்னால் போய் நின்றது. மைத்துனர் அக்காவுக்கும் நல்லவர், அத்தானுக்கும் நல்லவர். இருவருக்கும் பொதுவாக ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தார். கண்ணாடி நன்றாக இருக்கும்வரை நாற்காலி அங்கேயே இருக்கலாம். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தாலும் நாற்காலி பின் அறைக்குப் போய்விடவேண்டும். பின் அறை என்பது பழைய பெட்டிகளும் கால் உடைந்த இஸ்திரி மேஜையும் இருக்கும் அறை. பகலிலேயே விளக்குப் போட்டால்தான் சுவர் தெரியும்.

முதல் நாள் மாலைதான் பூதக்கண்ணாடியார் தூக்கத்தில் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்துவிட்டார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விழித்துப் பார்த்து, மாடியில் ஏதோ விழுந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார். எது விழுந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

கைப்பேசி மணி அடித்தது. தம்பி வீட்டுக்குப் போய் மூன்று நாளாகியிருந்த மனைவிதான்.

"நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன். வீடு எப்படி இருக்கு?"

"வீடு வீடாத்தான் இருக்கு."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"காபி ஆறிப்போச்சு."

"அதுக்கா இவ்வளவு சோகம்? சூடு பண்ணிக் குடிங்க" என்று வைத்துவிட்டாள்.

மணி எட்டேகால். அன்று அவருக்கு விடுமுறை. கையில் ஏழே முக்கால் மணி நேரம் இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். இத்தனை வருடத்தில் லட்சக்கணக்கான விரிசல்களை அவர் கண்டுபிடித்திருக்கிறாரே தவிர, ஒன்றையாவது சரிசெய்தது கிடையாது. தொட்டியில் போடுவதோடு அவர் கடமை முடிந்தது. ஜன்னலைத் தூக்கித் தொட்டியில் போட முடியாதே.

முதலில் ஒட்டும் டேப்பை எடுத்தார். விரிசலின்மேல் நீளமாக ஒட்டினார். டேப்புக்கு அடியில் காற்றுக் குமிழிகள் நின்றன. கட்டை விரலால் தேய்க்கத் தேய்க்கக் குமிழிகள் இடம் மாறினவே தவிரப் போகவில்லை. எட்டி நின்று பார்த்தார். முன்பு விரிசல் மட்டும் தெரிந்தது. இப்போது விரிசல், டேப், குமிழி மூன்றும் தெரிந்தன.

டேப்பை உரித்துக்கொண்டிருக்கும்போது தெருவிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, ஜன்னல்ல என்ன பண்றீங்க?"

மாடி வீட்டுத் தையல்காரம்மா. நாடகக் குழுக்களுக்கு மேடைத் திரையும் உடுப்பும் தைத்துக் கொடுப்பவர். தைத்ததைக் கஞ்சி போட்டுப் பால்கனியில் வைத்து உதறுவார். அந்தத் துளிகள் கீழே இவர் ஜன்னலில் விழுந்து புள்ளி புள்ளியாகக் காயும். வெளிப்பக்கம் கையை விட ஜன்னல் கம்பி இடம் தராது என்பதால், மழை வந்து துடைத்தால்தான் உண்டு. இப்போது அவர் பெரிய துணி மூட்டையோடு வண்டிக்குக் காத்து நின்றார்.

பூதக்கண்ணாடியார் டேப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"சும்மா தொடைக்கறேம்மா."

"நடுக் கண்ணாடியத்தானே? நானே சொல்லணும்னு இருந்தேன். நேத்து சாயங்காலமே பாத்தேன், அது வந்து..."

அதற்குள் வண்டி வந்து ஹாரனை அமுக்கிப் பிடித்தது. தையல்காரம்மா மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு ஏறினார்.

"நாடகக் கொட்டகைக்குத் திரை கொண்டு போறேன் அண்ணா. அக்கா இன்னிக்கு வராங்கல்ல? சாயங்காலம் வந்து அவங்ககிட்டயே சொல்லிக்கறேன்."

பூதக்கண்ணாடியார் டேப்பைக் கசக்கி எறிந்தார். விரிசலுக்குச் சாட்சி இருக்கிறது. அதுவும் தானாகவே முன்வந்து சாட்சி சொல்லப்போகிற சாட்சி.

இனி மறைத்தால் போதாது, விரிசலையே இல்லாமல் செய்யவேண்டும். தொழிற்சாலையில் யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: நகப்பூச்சைத் தடவினால் விரிசல் அடைபட்டுவிடும், நிறமில்லாத பூச்சாக இருக்கவேண்டும். மனைவியின் மேஜை இழுப்பறையைத் திறந்தார். நாலைந்து குப்பிகள் இருந்தன. ஒன்று நிறமில்லாததுபோலத் தெரிந்தது. கண்ணாடிக் குப்பியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. குப்பிக்குள் இருந்ததைப் பற்றித்தான் எடுத்திருக்கவேண்டும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, சின்னத் தூரிகையால், விரிசலின் மேலேயே கோணாமல் ஒரு கோடு இழுத்தார். ஈரமாக இருந்தவரை நிறமில்லாமல்தான் இருந்தது. காயக் காய, புதுப் பெண் வெட்கப்படுவதுபோல மெல்ல மெல்லச் சிவந்து, நல்ல ரோஜா நிறத்துக்கு வந்து நின்றது.

போதாக்குறைக்கு இன்னொரு விபரீதம். நேராக நின்று பார்த்தால் ரோஜாக் கோடு விரிசலை மறைத்தது. ஓர் எட்டு இடப்பக்கம் தள்ளி நின்றால், ரோஜாக் கோடு தனியாகவும் பக்கத்திலேயே விரிசல் தனியாகவும் இரண்டு கோடுகள் தெரிந்தன.

"ஐயோ, வளருது" என்றார் பூதக்கண்ணாடியார்.

மறுபடி இழுப்பறையைக் குடைந்தார். பூச்சை அழிக்கும் திரவம் இழுப்பறையில் இல்லை. பின் அறையில், ஜன்னல் சட்டத்துக்குப் பச்சை வர்ணம் அடித்தபோது மிஞ்சிய டர்பெண்டைன் கொஞ்சம் இருந்தது. துணியில் நனைத்துத் தேய்த்தார். ரோஜாப் பூச்சு அசையவில்லை. ஆனால் துணியின் ஓரம் சட்டத்தில் பட்டுக்கொண்டே இருந்ததில், சட்டத்தின் பச்சை கரைந்து கண்ணாடிக்கு வந்தது. பாதிக் கண்ணாடி பாசி பிடித்த குட்டைபோல ஆகிவிட்டது. நடுவில் ரோஜா.

மணி பத்தரை. சவரம் செய்யும் பிளேடு ஒன்றை எடுத்து வந்தார். சுரண்டத்தான் வேண்டும். நாற்காலியை நகர்த்திவிட்டுச் சுரண்டியிருக்கலாம். ஆனால் பதினோரு வருடம் ஆடி ஆடி, தரை விரிப்பில் நாற்காலியின் கால்களுக்கு இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. ஒரு விரற்கடை மாறினாலும் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். அது மட்டுமில்லை. நாற்காலியை நகர்த்துவது தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல இருந்தது. அதனால் அவர் நாற்காலியின்மேல் ஜன்னலைப் பார்த்தபடி மண்டி போட்டு, சாய்மானத்துக்கு மேலாக எக்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார்.

ரோஜா கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. இன்னும் ஒரு விரல் நீளம்தான் பாக்கி. அதை எட்டுவதற்காக இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

ஆடுநாற்காலி என்றால் ஆடும். அது ஆடியது.

சாய்மானத்தின் உச்சி நடுக் கண்ணாடியின் மையத்தில் போய் இடித்தது. பதினோரு வருடமாக மனைவி சொல்லிவந்தது அரை நொடியில் அப்படியே நடந்துமுடிந்தது. பெரும்பகுதி கம்பிகளின் இடுக்கு வழியாக வெளியே விழுந்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த வெயில் தடுப்பின்மேல் பொடிப்பொடியாயிற்று. உள்ளே ஓரமாக நாலைந்து துண்டுகள் சட்டத்தில் பற்கள்போல நின்றன. பூதக்கண்ணாடியார் நாற்காலியின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணாடி இருந்த இடத்தின் வழியாகத் தெருவைப் பார்த்தார். வெளியே நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது.

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்காக முதலில் சந்தோஷப்பட்டார். அடுத்த நொடியே, எப்படியும் கண்ணாடியை மாற்றிவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை, விரிசலும் இல்லை, சாட்சிக்கும் வேலையில்லை என்று தோன்றியது. துணிச்சல் வந்துவிட்டது. பெருக்கி அள்ளினார். மனைவியின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து, சட்டத்துக்குள் தெரிந்த வெற்றிடத்தை நீளம் அகலம் அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். கனம் காட்டுவதற்காக ஒரு பெரிய துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

கண்ணாடிக் கடைக்காரர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவசரமே இல்லாத மனிதர்.

"எப்படிங்க ஒடைஞ்சுது?"

"ஏற்கெனவே விரிசல் இருந்துச்சு. லேசாத் தொட்டேன், போயிருச்சு."

"விரிசல் விட்ட கண்ணாடின்னா விரிசல் வழியாத்தாங்க ஒடையும். இது நடுவுல அடி வாங்கி நாலாப் பக்கமும் ஒடைஞ்சிருக்கு. நல்ல கண்ணாடிங்க இது. இன்னும் முப்பது வருஷம் ஓடியிருக்கும்."

பூதக்கண்ணாடியாருக்குச் சுருக்கென்றது.

"இருபத்தாறு வருஷமா நான் பாக்கறது விரிசல்தாங்க. எனக்குத் தெரியாத விரிசலா?"

"அப்ப சரிங்க" என்றார் கடைக்காரர். வாடிக்கையாளரோடு வாதம் செய்து கண்ணாடி விற்றவர் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். உள்ளங்கையில் இருந்த அளவைப் பார்த்து, வைர முனையால் ஒரு கோடு போட்டு, தட்டி, முறித்துக் கொடுத்தார்.

"வந்து மாட்டிக் குடுத்துடுவீங்களா?"

"கடையில ஆள் இல்லீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வரேன்."

"அஞ்சு மணிக்கு வந்தா என் நாற்காலிக்குக் காரியந்தான் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் விழித்ததைக் கவனிக்காமல் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டத்தில் வைத்தபோது கண்ணாடி அங்கே நிற்கவில்லை. வெளியே போவதற்கே வழி பார்த்தது. கடைசி நொடியில் இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினார். வெற்றிடத்தை மட்டும் அளந்திருந்தார். சட்டத்தின் உள்விளிம்பில் கண்ணாடி உட்காருவதற்கு ஒரு பள்ளம் இருந்ததை அளக்கவில்லை.

மறுபடி கடை.

"பள்ளத்துக்குச் சேர்த்து அளக்கணுங்க" என்றார் கடைக்காரர் நிதானமாக. "பக்கத்துக்கு நாலு மில்லி கூட்டிக்கலாம்."

பூதக்கண்ணாடியாருக்குச் சூடுபட்ட பயம். "எதுக்கும் பத்தாப் போடுங்க."

பத்தாகப் போட்டது சட்டத்துக்குள்ளேயே நுழையவில்லை. மேலே நுழைத்தால் கீழே இடித்தது, கீழே நுழைத்தால் மேலே இடித்தது. மூன்றாவது முறை அவர் கடைக்குள் நுழைந்தபோது கடைக்காரர் இரண்டு மூங்கில் குச்சிகளை எடுத்துக் கொடுத்தார்.

"நாடாவும் வேண்டாம், கணக்கும் வேண்டாங்க. குச்சியப் பள்ளத்துக்குள்ள விட்டு, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் லேசா ஆடற மாதிரி ஒடிச்சுக்கிட்டு வாங்க. நான் குச்சியப் பாத்து வெட்டிக் குடுக்கறேன்."

குச்சிகளோடு போன நாலாவது முறை சரியாக வந்தது. கண்ணாடி பள்ளத்தில் உட்கார்ந்த அழகைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்த மக்குப் பசையை உருட்டி நாலு ஓரமும் அப்பினார். சட்டத்தின் கலைந்த பச்சையைப் பழைய டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்ச வர்ணத்தால் ஒட்டுப்போட்டார். மணி மூன்று.

நாலடி தள்ளி நின்று பார்த்தார். பார்த்ததும் புதுச் சிக்கல் ஒன்று தெரிந்தது. புதுக் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் துல்லியமாக இருந்தது. இடமும் வலமும் இருந்த பழைய கண்ணாடிகள் அதன் பக்கத்தில் பழைய மூக்குக் கண்ணாடி மாதிரி மங்கித் தெரிந்தன. ஒரு குழந்தைகூட நடுவில் இருப்பது புதுசு என்று சொல்லிவிடும்.

மற்ற இரண்டையும் கழுவலாம். ஆனால் கணவன் ஜன்னல் கழுவினான் என்பதைவிட மனைவிக்குச் சந்தேகம் வர வேறு காரணமே வேண்டாம். ஆகவே எதிர்வழியில் போனார். ஸ்டூலைப் போட்டு அலமாரியின் தலையில் கையை வைத்துத் துழாவினார். கை நிறையத் தூசி கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்து மெல்ல ஊதி, புதுக் கண்ணாடியின்மேல் படியவிட்டார். கொஞ்சம் விரலால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் ஊதினார். இருபத்தாறு வருடத் தொழில் கண் ஒவ்வொரு கண்ணாடியாக ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்தது. மூன்றும் இப்போது அக்கா தங்கைகள் மாதிரி இருந்தன.

மக்குப் பசையின் வாடை மட்டும்தான் மிச்சம். அதற்கு அடுப்பில் எண்ணெயை வைத்து, இரண்டு பெரிய வெங்காயங்களை நறுக்கிப் போட்டு வதக்கினார். வெங்காய வாசனை வீடு முழுவதும் ஆட்சிக்கு வந்தது. அவர் கையை அலம்பிக்கொண்டு, நாற்காலியின் கால்களைப் பள்ளத்தில் பொருத்தி, செய்தித்தாளோடு உட்காரவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மனைவி பையை வைத்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"சமைச்சீங்களா?"

"பசியோட வருவியேன்னு வெங்காயம் மட்டும் வதக்கி வெச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். இருபத்து மூன்று வருட வாழ்க்கையில் அவளுக்காக அவர் அடுப்பில் வாணலி வைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பார்வையில் இருந்த பிரியத்தைத் தாங்கமாட்டாமல் அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

"மூணு நாள் இல்லன்னா ஜன்னல்ல எவ்வளவு தூசி" என்று சொல்லிக்கொண்டே அவள் தோள் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக நடுக் கண்ணாடிக்கு வந்தாள்.

"நான் அப்புறம் தொடைச்சிக்கறேன், நீ களைச்சுப்போய் வந்திருக்க."

"ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது."

இரண்டு இழுப்பில் அரைமணி நேர உழைப்பு போய்விட்டது. கண்ணாடி பளிச்சென்று மின்னியது. பூதக்கண்ணாடியார் மூச்சு விடவில்லை. மனைவி விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். 'ணங்' என்றது.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றாள். "தம்பிகிட்டப் பேசிட்டிருந்தேன். பதினோரு வருஷமா ஒடையும் ஒடையும்னு சொல்லிட்டே இருக்கேன், ஒண்ணும் ஆகல. நீங்க சொன்னதுதான் சரி. இனிமே அந்த நாற்காலிப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

பையைத் திறந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்தாள். நீலத் துணியில் வெள்ளைப் பூ போட்டது.

"நாற்காலியில தலைக்கு வெச்சுக்கங்க. கட்டையில சாஞ்சு சாஞ்சுதான் கழுத்து வலிக்குதுங்கறீங்க."

இங்கேதான் பூதக்கண்ணாடியார் தோற்றுப்போனார். அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். சந்தேகப்பட்டிருந்தால் சப்பைக்கட்டுக் கட்டியிருப்பார். தலையணைக்கு என்ன பதில் சொல்வது? விரிசல் விட்ட ஒரு பாட்டிலையும் நல்ல பாட்டில் என்று அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

சொல்லிவிட்டார். முதல் நாள் சாய்ந்தது, 'டக்' என்ற சத்தம், காலையில் பார்த்த விரிசல், டேப்பு, நகப்பூச்சு, டர்பெண்டைன், மண்டி போட்டது, உடைந்தது, நாலு தடவை கடைக்குப் போனது, அலமாரித் தூசி, வெங்காயம். எதையும் விடவில்லை.

மனைவி நகப்பூச்சு வரை முகத்தை இறுக்கமாக வைத்திருந்தாள். தூசி வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெங்காயம் வந்ததும் அடக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கையில காலுல எங்கயும் குத்தலையே? காட்டுங்க" என்று அவர் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, உள்ளங்கையில் அளவு மட்டும் எழுதியிருந்தது.

"அப்ப நான் சொன்னதுதான் நடந்திருக்கு" என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

"நீ சொன்னதுதான் நடந்துச்சு. ஒப்பந்தம்னா ஒப்பந்தம். நாற்காலி பின் அறைக்குப் போகட்டும்."

"நாளைக்குப் பாத்துக்கலாமே."

"வேண்டாம். இன்னிக்கே போகட்டும். நாளைக்குன்னா எனக்கு மனசு மாறிடும்."

அவருக்குத் துக்கம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டதில் மனசு லேசாகியும் இருந்தது. மனைவி இருக்கிறாள், தலையணை இருக்கிறது, வதக்கிய வெங்காயம் இருக்கிறது. பின் அறையில் ஒரு நல்ல விளக்காகப் போட்டுக்கொண்டால் ஆயிற்று. ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். பின் அறை வாசற்படியில் நாற்காலியின் வளைந்த கால்கள் நிலையில் மாட்டிக்கொண்டன. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. "கொஞ்சம் சாய்ங்க", "சாஞ்சுதான் இவ்வளவும் ஆச்சு" என்று இருவரும் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றபோது, திறந்திருந்த வாசலில் தையல்காரம்மா வந்து நின்றார். தோளில் இரண்டு மூன்று நூல்கள் தொங்கின.

சாட்சி வந்துவிட்டது. பூதக்கண்ணாடியாருக்கு இப்போது பயமில்லை. எல்லாம் சொல்லியாகிவிட்டதே. "வாம்மா, தாராளமா அக்காகிட்ட சொல்லு" என்றார் பெருந்தன்மையாக.

"அது ஒண்ணுமில்லக்கா" என்றார் தையல்காரம்மா, கூச்சத்தோடு. "நேத்து சாயங்காலம் கஞ்சித் திரைய ஒதறினப்ப, தையல் தெரியாம இருக்கப் போடற கண்ணாடி மாதிரி நிறமில்லாத நூல்ல ஒரு துண்டு பறந்து வந்து உங்க நடுக் கண்ணாடியில ஒட்டிக் காஞ்சுபோச்சு. கீழேருந்து பாத்தா அசல் விரிசல் மாதிரியே இருந்துச்சு, நீங்க பாத்தா பயந்துருவீங்களேன்னு நாள் பூரா எனக்கு அதே நெனப்பு. நல்லவேளை, அண்ணா பூதக்கண்ணாடியாச்சே, நூல்னு கண்டுபிடிச்சுத் தொடைச்சு எடுத்துட்டாரு."